மரப்பொத்தான் வைத்த கோட்டு

ரயில் நிலையத்தின் கடைசி நடைமேடைக்கு அப்பால், பார்சல் அறையையும் தாண்டிப் போனால், தொலைந்த பொருள் அலுவலகம் இருக்கிறது. பொருளைத் தொலைத்தவர்கள் முதலில் அந்த அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் அதிலேயே சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மிச்சப் பேருக்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம்.

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். வைத்தவர் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் போடும் பிரேக்குக்கு முன்னும் பின்னும் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இவள் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு திருத்தம் வைத்திருப்பாள். "அகராதி புடிச்சவளக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்று ஒருநாள் சொன்னார், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் கோபம் இல்லை. சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அவள் வேலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. குடையையும் பையையும் அலமாரியில் அடுக்கி வைப்பது ஒரு வேலையே இல்லை. எது யாருடையது என்று பொருத்துவதுதான் வேலை. மனிதர்களுக்குத் தாங்கள் தொலைத்தது என்ன நிறம் என்றே தெரியாது. கறுப்புப் பை என்று சத்தியம் செய்வார்கள். அது கருநீலமாக இருக்கும். அதனால் அகராதி நிறத்தைக் கேட்கவே மாட்டாள். ஜிப் எங்கே சிக்கும், பிடியில் என்ன சுற்றியிருந்தீர்கள், எந்த மூலையில் கிழிசல் என்று கேட்பாள். ஒரு பொருளை அதன் பழுதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும் என்பது அவள் கட்சி. குடையின் வளைந்த கம்பியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தப்பியது மிகக் குறைவு.

அந்தக் கண்ணோடு அவள் நாவல் படிக்க ஆரம்பித்ததுதான் வினை.

ஆழிக்கதவு என்று ஒரு மாயாஜால நாவல் வரிசை. நகரும் தீவுகள், பேசும் சங்குகள், கடலுக்கு அடியில் ஒரு கதவு, அதன் சாவிக்காகப் பாகம் பாகமாக அடித்துக்கொள்ளும் ஜனங்கள். முதல் பாகத்தை வாங்கியது மகள். பள்ளிக்கூடப் பெண். படித்துக்கொண்டே இருக்கும்போது, "அம்மா, இந்த ஆளு முன்னாடி எங்கேயோ வந்தானே, யாரு?" என்று கேட்பாள். அம்மா வேலையெல்லாம் விட்டுவிட்டுத் தேடிச் சொல்வாள். அடுத்த தடவை தேடாமல் சொல்வதற்காகச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்தாள். மூன்றாம் பாகத்தோடு மகளுக்கு ஆசை விட்டுப்போயிற்று. பாட்டுக்கும் தோழிகளுக்கும் மாறிவிட்டாள். அம்மாதான் மாட்டிக்கொண்டாள். ஐந்தாம் பாகம் வரும்போது அட்டைகள் பழைய ஷூ பெட்டிகளை நிரப்பிவிட்டு, கணவரின் சட்டை அலமாரிக்கும் வந்துவிட்டன.

"என் சட்டைய எங்க வைக்கிறது?" என்றார் அவர்.

"மாட்டிக்கோங்க. மடிச்சா கசங்கும்."

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நோட்ஸ் போடும் பதிப்பாளர் ஒருவர், ரயிலில் மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் கிடந்த அட்டைகளைப் பார்த்தார். அவர் மகனும் ஆழிக்கதவு பைத்தியமாம். "மேடம், இது கைடு. கைடு போடறதுதான் என் தொழில். கொடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படி வெளிவந்ததுதான் 'ஆழிக்கதவு: யார், எவர், எங்கே'. எழுத்தாளரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்துக்கு நோட்ஸ் போட யாரிடம் அனுமதி கேட்டோம் என்பது பதிப்பாளரின் நியாயம். மேலட்டை முழுக்க மஞ்சள், எழுத்தெல்லாம் சிவப்பு. பத்தாம் வகுப்புக் கைடு மாதிரியே இருந்தது. ஆனாலும் விற்றது. முன்பின் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வந்து, எதையும் தொலைக்காமலே அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கைடில் அவளுக்கு மிகப் பிடித்த குறிப்பு ஒன்று உண்டு. இரண்டாம் பாகத்தில் ஒரு தோணிக்காரன் வருவான். இளவரசியை அக்கரைக்குக் கொண்டுவிட்டுவிட்டுக் கதையிலிருந்து காணாமல் போவான். அவன் கோட்டில் எல்லாம் பித்தளைப் பொத்தான், ஒன்று மட்டும் மரம். ஐந்தாம் பாகத்தில், வேறொரு தீவில், ஒரு மெழுகுவர்த்தி வியாபாரி. அவன் கோட்டிலும் பித்தளைக்கு நடுவே ஒரு மரப்பொத்தான்! அகராதிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று எழுதினாள். வேறு யாருமே கவனிக்காத விஷயம். வாசகர்கள் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆறாம் பாகம் வந்தபோது, அந்த மெழுகுவர்த்தி வியாபாரியே ஒரு இடத்தில், 'நான் தோணி ஓட்டிய காலத்தில்' என்று பேச்சை ஆரம்பித்தான்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று புத்தகத்தைக் கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலேயே நீட்டினாள்.

"சொன்ன, சொன்ன. தட்ட விட்டு எடு."

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் குறைவு. அதை மறைக்க அவளுக்குத் தெரியவும் இல்லை.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. ஆழிக்கதவை வெளியிடும் பெரிய பதிப்பகம் தானே ஒரு அதிகாரபூர்வத் துணை நூல் கொண்டுவரப் போகிறதாம். இந்த மஞ்சள் கைடு நாவலிலிருந்து திருடியதாம். விற்பனையை நிறுத்த வேண்டும், இருக்கும் பிரதிகளையெல்லாம் கூழாக்க வேண்டும், இனி ஆழிக்கதவைப் பற்றி அவள் ஒரு குறிப்பும் வெளியிடக் கூடாது. நோட்ஸ் பதிப்பாளர் போன் செய்து, "மேடம், எனக்குப் பரீட்சை சீசன் வருது" என்று நைசாகக் கழன்றுகொண்டார். ஏழாம் பாகம்தான் கடைசிப் பாகம். அது வரும்போது தன் கைடு உலகத்திலேயே இருக்காது என்பதை அகராதியால் ஜீரணிக்க முடியவில்லை. அழுதாள். கூழ் என்ற வார்த்தைதான் அவளை அதிகம் அழவைத்தது.

நல்ல காலம், நாத்தனார் வக்கீல். கணவரின் தங்கை. வீட்டு வாடகைத் தகராறுகளில் புலி. பதிப்புரிமை வழக்கு அதுவரை பார்த்ததில்லை. "அதனால என்ன அண்ணி? இதுவும் ஒரு மாதிரி வாடகை கேஸ்தான். அவர் கட்டின வீட்டுல நீங்க குடியிருக்கீங்க. காலி பண்ணச் சொல்றாங்க" என்றாள். அதைக் கேட்டு அகராதிக்கு ஆறுதல் வந்ததாகச் சொல்ல முடியாது.

நாத்தனார் கைடை வரிவரியாகப் படித்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். "அண்ணி, 'அலை தன் பழைய பெயரைச் சொல்லித் திரும்பிப் போயிற்று'. இது உங்க வரியா?"

"இல்ல. அவரோடது."

"மேற்கோள் குறி எங்க?"

"போடல."

"ஏன் போடல?"

"எனக்கு அதவிட நல்லா சொல்ல வரல."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். யார் எங்கே பிறந்தான், எந்தத் தீவு எதற்கு அடுத்தது என்பதையெல்லாம் எவரும் எடுத்துச் சொல்லலாம், ஆனால் அவருடைய வாக்கியத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது என்று பாடம் எடுத்தாள். அப்படித் தூக்கிய வாக்கியங்கள் கைடு முழுக்க இருந்தன. பதிப்பகம் சொல்வதில் பாதி உண்மை என்று அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மீதிப் பாதியைக் காப்பாற்ற வேண்டுமானால், எது அவர் சரக்கு, எது அண்ணியின் சொந்தச் சரக்கு என்று ஒவ்வொரு குறிப்பாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

அகராதி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சொந்தச் சரக்கு என்று அவள் மார்தட்டிக்கொள்ள முதலில் எடுத்ததே மரப்பொத்தான் குறிப்பைத்தான். ஆதாரம் காட்ட ஐந்தாம் பாகத்தைப் புரட்டினாள். கோட்டு வரும் அத்தியாயம் நடுவில் இருக்கிறது. அதற்கு வெகு முன்னால், சத்திரத்தில், மெழுகு வாசனை அடிக்கும் ஒரு தடித்த ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். படகு தயார் என்று கூப்பிடுகிறார்கள். அவன் வரமாட்டேன் என்கிறான். பிறந்ததிலிருந்து படகில் கால் வைத்ததில்லை, தண்ணீர் என்றாலே நடுக்கம், நகரும் தீவு தானாகக் கரை சேரும்வரை காத்திருந்து தரை வழியாகவே வியாபாரத்துக்குப் போகிறவன் என்கிறான்.

மெழுகு வாசனை. அதே ஆள். அந்தப் பக்கத்தை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். கோட்டைப் பார்த்த மயக்கத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை. படகில் கால் வைக்காதவன் தோணிக்காரனாக இருக்க முடியாது. கோட்டு ஒன்று, ஆள் இரண்டு. கோட்டு கைமாறும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அப்படியானால் ஆறாம் பாகத்தில் அவன் ஏன் 'நான் தோணி ஓட்டிய காலத்தில்' என்கிறான்? நாவலில் எங்கேயும் இல்லாத சங்கதி. உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அது எழுதியிருந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "அண்ணி! இது தப்பே இல்ல, சாட்சி! உங்க கைடப் பாத்துதான் அவரே எழுதியிருக்காரு. திருடிட்டாங்கன்னு யார் யாரச் சொல்றது? சமரசப் பேச்சுல இத மட்டும் எடுத்துப் போட்டா அவங்க முகத்துல ஈயாடாது."

"அவர ஊரே சிரிக்குமே."

"சிரிக்கட்டும். உங்க புத்தகம் பிழைக்கும்ல?"

"என்னையும்தான் சிரிப்பாங்க. மொதல்ல தப்பு பண்ணது நான்."

"அண்ணா, நீயாவது சொல்லேன்!"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நான் வண்டி கத்துக்க வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான். எதிர்ல வர்ற வண்டியிலயும் ஆள் இருக்கு" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பெண்களுக்குமே பிடிபடவில்லை. ஆளுக்கொரு பக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

சமரசப் பேச்சு ஒரு மாடிக் கட்டடத்தில். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவில் உட்கார்ந்து இரு தரப்பையும் பேசவைப்பாராம். நாத்தனார் மரப்பொத்தான் பக்கங்களை நகலெடுத்து, கோடு போட்டு, கடைசியில் இறக்குவதற்காகத் தனியாக வைத்திருந்தாள். கதவு திறக்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. அகராதி தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கே காபி இயந்திரத்தை ஒரு வயதானவர் தட்டிக்கொண்டிருந்தார். காசைத் தின்றுவிட்டது போலிருக்கிறது. ஆழிக்கதவின் பின்னட்டைப் படத்தில் ஆஜானுபாகுவாகத் தெரிந்தவர், நேரில் அவள் தோளுக்குத்தான் வந்தார்.

அவள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதிவைத்தது இல்லை, அவளாக வைத்துக்கொண்டது. ஒருவர் பொருளைத் தவறிப்போய் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், மேலதிகாரிக்குச் சொல்வதற்கு முன்னால் உடையவருக்குச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். கால்கள் தாமாகவே அவரிடம் போயின.

"ஐயா, நான்தான் அந்தக் கைடு போட்டவ. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"அதப் பேசத்தானே வந்திருக்கோம்" என்றார் அவர், திரும்பாமல்.

"இது வேற தப்பு. மெழுகுவர்த்திக்காரன் தோணிக்காரன் இல்ல. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான்தான் எழுதிட்டேன். அஞ்சாம் பாகத்துல, சத்திரத்துல, படகுல கால் வச்சதே இல்லைங்கிறான். நான் அதப் பாக்காம விட்டுட்டேன். நீங்க ஆறாம் பாகத்துல…"

அவர் இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். முகம் மெல்ல வெளிறியது. "என் புத்தகத்த நான் திரும்பப் படிக்கிறதில்ல" என்றார். "படிச்சா எல்லாத்தையும் மாத்தணும்னு தோணும். ஆறாம் பாகம் எழுதறப்ப உங்க மஞ்சள் புத்தகம்தான் மேசைமேல இருந்துச்சு. அதுல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன்."

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இத உள்ள சொல்லப் போறீங்களா?"

"என் நாத்தனார்தான் வக்கீல். சொன்னாதான் என் புத்தகம் பிழைக்கும்ங்கிறாங்க. எனக்குத் தெரியல. உங்க ஆள நான் வேற ஆளாக்கிட்டேன். அத உங்களுக்குச் சொல்லாம உள்ள போக முடியல, அவ்வளவுதான்."

அவர் காபியும் இல்லாமல், பதிலும் இல்லாமல் உள்ளே போய்விட்டார். நாத்தனாரிடம் சொன்னபோது அவள் மயங்கி விழாதது ஒன்றுதான் குறை. "எதிராளிகிட்டயே போய்க் கையில இருக்கிற துருப்பக் காட்டிட்டு வந்திருக்கீங்களே! இப்ப அவர் தன் வக்கீல்கிட்ட சொல்லி எதாவது ஜோடிச்சிருவாரு. உங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" அகராதிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ?

உள்ளே பதிப்பக வக்கீல் ஆரம்பித்தார். நல்ல குரல். திருடிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் குரலில் அவை இன்னும் அழகாக இருந்தன. அகராதிக்குத் தலை தொங்கிப்போயிற்று. கடைசியில் அவர் புத்தகத்தை மேசையில் போட்டார். "இதில் சொந்தச் சரக்கு என்று ஒன்றுகூடக் கிடையாது."

"ஒண்ணு இருக்கு" என்றார் எழுத்தாளர்.

வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கு. அது இப்ப என் புத்தகத்துல இருக்கு. நான் இவங்களக் கேக்காமத்தான் எடுத்துக்கிட்டேன்."

பிறகு ஐந்தாம் பாகம், ஆறாம் பாகம், கோட்டு எல்லாவற்றையும் அவரே சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. வக்கீல் பேனாவை மூடிவிட்டார். நாத்தனார் நகலெடுத்து வைத்திருந்த தாள்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஒப்பந்தம் அன்றைக்கே முடிந்துவிட்டது. கைடு இருக்கலாம். ஆனால் அவருடைய வாக்கியங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவள் தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எழுத்தாளரின் அனுமதி பெற்ற நூல் அல்ல என்று அட்டையில் பெரிதாகப் போட வேண்டும். பதிப்பகம் தன் அதிகாரபூர்வ நூலைத் தன் பாட்டுக்குக் கொண்டுவரலாம். சமரசம் ஆனது தெரிந்ததும் நோட்ஸ் பதிப்பாளரும் பரீட்சை சீசனை மறந்துவிட்டு ஓடிவந்தார். வெளியே வரும்போது எழுத்தாளரிடம், மரப்பொத்தான் குறிப்பைத் திருத்திவிடுகிறேன் என்றாள் அகராதி. "கொஞ்சம் பொறுங்க. அவன் எப்படியும் ஒரு பதில் சொல்லியாகணும்ல?" என்றார் அவர். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

சொந்த வார்த்தையில் எழுதுவது சாமானியமான வேலையாக இல்லை. அலை வந்தது, போனது என்று எழுதிவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் எழுதியதற்குப் பக்கத்தில் தன்னுடையது சோடை போகிறது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் எழுதினாள். வேறு வழி இல்லை.

ஏழாம் பாகம் வந்த அன்று மதிய இடைவேளையில், குடை அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து படித்தாள். பாதிக்கு மேல் மெழுகுவர்த்தி வியாபாரி வந்தான். சாகக் கிடந்தான். இளவரசியிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டான். தான் தோணி ஓட்டியதே இல்லை, கோட்டும் தன்னுடையது இல்லை. துறைமுகத்தில், மூழ்கிப்போனவர்களின் உடைமைகளை வைத்திருக்கும் ஒரு அறை. காணாமல்போன தம்பியின் சட்டையைக் கேட்டுத்தான் அங்கே போனான். அங்கிருந்த பெண் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அந்தக் கோட்டை எடுத்து நீட்டினாள். 'அவ்வளவு நிச்சயமாக நீட்டினாள். அந்த நிச்சயத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. போட்டுக்கொண்டேன். தோணிக்காரன் என்றார்கள். ஆமாம் என்றேன்.'

அகராதி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அழுதாள். சன்னலுக்கு வெளியே ஒருவர் குடை கேட்டு நின்றார். உள்ளே அழுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, குடை போனால் போகிறது என்று நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு புது அட்டையை எடுத்தாள். அந்த 'நிச்சய' வரியை அப்படியே எழுதக் கை பரபரத்தது. ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. தன் வார்த்தையில் எழுதினாள்: 'துறைமுக அறைப் பெண். பெயர் சொல்லப்படவில்லை. ஏழாம் பாகத்தில் ஒரே ஒரு பக்கம் வருகிறாள். ஒருவனுடைய கோட்டை, நல்ல மனதோடு, வேறொருவனிடம் கொடுத்தவள்.'

கணவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"நல்ல மனசோடன்னு அவர் எழுதியிருக்காரா?"

அவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள். "இல்ல. அது நான் போட்டது."

"இருந்துட்டுப் போகட்டுமே. யார் பாக்கப் போறா?"

"அவர் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வார்த்தையையும் பேனாவால் அடித்தாள்.